தணல் ஆறும்வரை

(அறிவியல் ஆசிரியர்கள், மாணவர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஆசிரியர் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

2025 பிப்ரவரி 14. உக்ரைனில் செர்னோபில் அணுமின் நிலையம். நள்ளிரவு தாண்டி ஒன்று ஐம்பது மணி. 1986-இல் வெடித்த நான்காவது உலையின் மேல் ஒரு பெரிய எஃகு வளைவு கவிந்து நிற்கிறது. உயரம் 108 மீட்டர். எடை 36,000 டன். நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் பணம் போட்டு, ஏறத்தாழ 150 கோடி யூரோ செலவில் கட்டி, 2016 நவம்பரில் தண்டவாளத்தில் நகர்த்திக் கொண்டுவந்து உலையை மூடினார்கள். நூறு வருடம் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்ட கட்டுமானம் அது. அந்த இரவில் வெடிகுண்டு சுமந்த ஒரு ட்ரோன் வந்து அதன் கூரையில் மோதியது.

வெளித்தகட்டில் சுமார் 15 சதுர மீட்டர் ஓட்டை விழுந்தது. ஓட்டையோடு போயிருந்தால் ஒட்டுப்போட்டு முடித்திருக்கலாம். ஆனால் அந்தக் கூரைக்கு இரண்டு தோல். வெளித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் நடுவில் காப்புப் பொருள் அடைத்திருக்கிறது. அது பற்றிக்கொண்டது. சுவாலை கிடையாது, பஞ்சு மெத்தைக்குள் விழுந்த பீடி நெருப்பு மாதிரி உள்ளுக்குள்ளேயே கனன்று ஊர்ந்தது. வெளியிலிருந்து அடிக்கும் தண்ணீர் அதைத் தொடவில்லை. கடைசியில் கயிறு கட்டி வளைவின் முதுகில் ஏறிய ஆட்கள், நெருப்பு இருக்கும் இடத்தைத் தேடித்தேடித் தகட்டை அறுத்து, ஒவ்வொரு துளை வழியாகவும் தண்ணீரைச் செலுத்தினார்கள். அப்படி அறுத்த துளைகள் முன்னூறுக்கும் மேல். ஏறத்தாழ மூன்று வாரம் ஆயிற்று. கீழே உருகிக் கிடக்கும் எரிபொருள். மேலே பிப்ரவரிக் குளிரில் தொங்கிக்கொண்டு தகடு அறுக்கும் தீயணைப்பு வீரர்கள். அவர்களை நினைக்காமல் இந்தப் பேச்சை என்னால் தொடங்க முடியவில்லை.

கதிர்வீச்சு அளவு கூடவில்லை. அன்று காலையிலேயே சர்வதேச அணுசக்தி முகமை அதைச் சொன்னது, உலகம் மூச்சுவிட்டது, செய்தியும் இரண்டு நாளில் அடங்கியது. ஆனால் அந்த வளைவு நூறு வருடம் நிற்பதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. இரண்டு தோலுக்கும் நடுவில் ஈரமில்லாத காற்றை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரம் புகுந்தால் எஃகு துருப்பிடிக்கும். முன்னூறு துளைக்குப் பிறகு அங்கே எப்படி ஈரத்தைத் தடுப்பது? 2025 டிசம்பரில் முகமையே சொல்லிவிட்டது: கதிரியக்கப் பொருளை அடைத்து வைப்பது உள்ளிட்ட தன் முதன்மையான பாதுகாப்புப் பணிகளை அந்தக் கட்டுமானம் இழந்துவிட்டது என்று.

அணுமின் நிலையத்துக்கு ட்ரோனால் ஆபத்து என்றதும் நம் கண் நேராக உலையை மூடி நிற்கும் அந்த உருண்டைக் கூரைக்குத்தான் போகிறது. ஒரு பொம்மை விமானம் வந்து மோதினால் அது உடையுமா என்று கேட்கிறோம். உடையாது. இரும்புக்கம்பி பின்னிய கான்கிரீட், ஒரு மீட்டரோ அதற்கு மேலோ கனம். கடையில் வாங்கும் நான்கு விசிறி ட்ரோன் ஒன்றரைக் கிலோ இருக்கும். அது மோதினால் அதுதான் சில்லுச்சில்லாகப் போகும். 2024 ஏப்ரல் 7 அன்று உக்ரைனின் சபோரிச்சியா நிலையத்தில், ஆறாவது உலையின் கூரை மேலேயே ட்ரோன் தாக்கியது. பார்க்கப் போன நிபுணர்கள் கண்டது, மேற்பரப்பில் ஒரு கரிந்த தடம். அவ்வளவுதான்.

இதைக் காட்டி "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகாது" என்று பேசுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம்தான் எனக்கு வழக்கு.

விறகடுப்பில் சமைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். விறகை வெளியே இழுத்துவிட்டாலும் தணல் கிடக்கும். அந்தத் தணலிலேயே பால் பொங்கி வழியும். அணு உலையும் அப்படித்தான். கட்டுப்பாட்டுக் கோல்களை இறக்கி அணுப் பிளவு வினையை நிறுத்திவிடலாம். சில விநாடி போதும். ஆனால் அதுவரை பிளந்து குவிந்த பொருட்கள் சிதைந்துகொண்டே இருக்கும், சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் முழு வெப்பத்தில் ஆறு, ஏழு சதவீதம். ஒரு நாள் கழித்தும் ஏறத்தாழ அரை சதவீதம். கூடங்குளத்தில் இருப்பது போன்ற உலையின் முழு வெப்பம் 3,000 மெகாவாட். அதில் அரை சதவீதம் 15 மெகாவாட். இரண்டு கிலோவாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஏழாயிரத்து ஐநூறை ஒரே அறையில் அடுக்கி, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். "நிறுத்தி வைத்த" உலை என்றால் இதுதான்.

அந்தத் தணல் ஆறும்வரை தண்ணீர் ஓட வேண்டும். தண்ணீர் ஓட மோட்டார் வேண்டும். மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் வெளியிலிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் டீசல் ஜெனரேட்டர் ஓட வேண்டும். 2011-இல் புகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததும் உலைகள் ஒழுங்காகத்தான் நின்றன. வெளி மின்சாரத்தை நிலநடுக்கம் எடுத்துக்கொண்டது, ஜெனரேட்டரைக் கடல் எடுத்துக்கொண்டது. மூன்று உலை உருகியது.

இப்போது சொல்லுங்கள். ஒரு கிலோ, இரண்டு கிலோ சுமக்கும் ட்ரோனுக்கு எது இலக்கு? ஒரு மீட்டர் கான்கிரீட்டா? அல்லது திறந்தவெளியில் பீங்கான் இன்சுலேட்டர்களோடு நிற்கும் மின்மாற்றியா, வேலிக்கு வெளியே பல கிலோமீட்டர் போகும் மின்கம்பியா, பம்ப் ஹவுஸா, டீசல் தொட்டியா? 2024 ஜூனில் சபோரிச்சியா நிலையத்தை அடுத்த எனர்கோடார் நகரத்தின் துணைமின் நிலையம் ட்ரோன் தாக்குதலில் சேதமடைந்தது. அங்கே யாரும் உருண்டைக் கூரையைத் தேடிப் போகவில்லை. உக்ரைன்காரர்கள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டு, தங்கள் மின்மாற்றிகளைச் சுற்றிக் கல் நிரப்பிய கம்பிக்கூடைகளை அடுக்கினார்கள். மேலே வலை கட்டினார்கள். பிறகு கான்கிரீட் கூடே எழுப்பினார்கள்.

போர் நடக்கும் நாட்டுக் கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். 2014 அக்டோபர் தொடக்கத்தில் பிரான்சில், மூடிவிட்ட கிரேய்-மால்வீல் நிலையத்தின் மேல் யாரோ ட்ரோன் பறக்கவிட்டார்கள். பிறகு அடுத்த நிலையம், அதற்கு அடுத்தது என்று சில வாரத்துக்குள் பத்துக்கும் மேற்பட்ட அணுமின் நிலையங்கள் மேல் பறந்தன. பெரும்பாலும் இரவில். நிலையத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர், ஆயிரம் மீட்டர் உயரம் வரை பறக்கத் தடை. மீறினால் ஓராண்டு சிறை, 75,000 யூரோ அபராதம். அத்தனையும் சட்டப் புத்தகத்தில் இருந்தது. மாதிரி விமானத்தோடு சிக்கிய மூன்று இளைஞர்களைப் பிடித்தார்கள். இந்தப் பறத்தல்களோடு சம்பந்தமில்லை என்று தெரிந்தது. உலகில் மின்சாரத்துக்கு அணுவை அதிகம் நம்பும் நாடு, தன் தலைக்கு மேல் பறந்தது யாருடையது என்று சொல்ல முடியாமல் நின்றது. 2018 ஜூலையில் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பினர் சூப்பர்மேன் உருவத்தில் ஒரு ட்ரோன் செய்து, லியோன் நகருக்கு அருகே பூஜே நிலையத்தில், எரிந்த எரிபொருளைத் தண்ணீரில் போட்டு வைத்திருக்கும் கட்டடத்தின் சுவரில் கொண்டுபோய் மோதினார்கள். கட்டடம் வலுவானது என்று நிர்வாகம் பதில் சொன்னது. கிரீன்பீஸ் காட்ட விரும்பியது சுவரின் பலத்தையா? சுவர்வரை வந்துவிடலாம் என்பதைத்தானே!

ஜப்பானில் நடந்ததை நான் வகுப்பில் அடிக்கடி சொல்வேன். 2015 ஏப்ரல் 22. தோக்கியோவில் பிரதமர் அலுவலகத்தின் மொட்டைமாடிக்கு, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களை இடம் காட்ட அழைத்துப் போகிறார் ஓர் ஊழியர். அங்கே ஒரு சின்ன ட்ரோன் கிடக்கிறது. அதில் ஒரு பிளாஸ்டிக் புட்டி. கதிர்வீச்சு என்று காட்டும் குறி ஒட்டியிருக்கிறது. சோதித்தால் சீசியம் என்ற கதிரியக்கப் பொருள். அணுமின் எதிர்ப்பாளர் ஒருவர் புகுஷிமா மண்ணை அள்ளி வைத்து அனுப்பியிருந்தார். தானே வந்து சரணடைந்தார். அவர் அதை அனுப்பியது ஏப்ரல் 9. பதின்மூன்று நாள் ஒரு நாட்டின் பிரதமர் தலைக்கு மேல் அது கிடந்திருக்கிறது, ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த மண்ணால் யாருக்கும் உடம்பு கெடவில்லை. ஆனால் ஜப்பான் 2016-இல் தனிச்சட்டமே கொண்டுவந்தது. அணுமின் நிலையங்களும் அதில் அடக்கம்.

அமெரிக்கா வேறு விதமாக யோசித்தது. 2019 செப்டம்பர் கடைசியில் அரிசோனாவின் பாலோ வெர்டே நிலையத்தின் மேல் ஐந்தாறு ட்ரோன்கள் கூட்டமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றின. மறுநாள் இரவும் வந்தன. கடையில் கிடைக்கும் ட்ரோனால் உலையைச் சேதப்படுத்த முடியாது, அது எடுக்கும் படத்தில் ஏற்கெனவே வெளியில் கிடைக்காத தகவல் எதுவும் இருக்காது, ஆகவே நிலையங்கள் ட்ரோனைத் தடுக்கும் கடமையைச் சுமக்க வேண்டியதில்லை என்பதுதான் அந்நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் முடிவாக இருந்தது. கூரையை மட்டும் பார்த்தால் அந்தக் கணக்கு சரி. காவலர் எத்தனை மணிக்கு ஷிப்ட் மாறுகிறார், மணி அடித்தால் எந்த வாசலுக்கு எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்பதை இரண்டு இரவு மேலே நின்று பார்த்தவனுக்குக் கிடைப்பது எந்தப் படத்திலும் கிடைக்காது. என் அறிவுக்கு அந்த முடிவு தவறாகவே படுகிறது.

சுட்டு வீழ்த்தினால் என்ன என்று மாணவர்கள் கேட்பீர்கள். முதலில் கண்ணில் பட வேண்டும். பெரிய விமானத்தைப் பிடிக்கும் ராடாருக்கு, தாழ்வாக மெதுவாக வரும் ட்ரோனும் கடற்கரைப் பருந்தும் ஒன்றுபோலத்தான் தெரியும். அலைவரிசையைக் குழப்பிவிடலாம் என்றால், நிலையத்துக்குள்ளேயே வயர்லெஸ் ஓடுகிறது, பக்கத்து ஊரில் செல்போன் இருக்கிறது. தவிர, உக்ரைன் போரில் இப்போது தலைமுடி போன்ற ஒளியிழையை அவிழ்த்துக்கொண்டே பறக்கும் ட்ரோன்கள் வந்துவிட்டன. குழப்புவதற்கு அதில் ரேடியோ அலையே இல்லை. துப்பாக்கி என்றால், மேலே போன குண்டு எங்காவது இறங்கத்தானே வேண்டும். தூரமும் இனி காவல் இல்லை. 2025 ஜூன் 1 அன்று உக்ரைன் 117 சிறு ட்ரோன்களை லாரிகளில் மறைத்துக் கொண்டுபோய், ரஷ்ய விமானத் தளங்களின் அருகிலேயே திறந்துவிட்டது. அதில் ஒரு தளம் சைபீரியாவில், எல்லையிலிருந்து நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்.

நம் நாட்டுக்கு வருவோம். 2021 ஜூன் 27 அதிகாலை ஜம்மு விமானப்படைத் தளத்தில் ட்ரோனிலிருந்து இரண்டு குண்டு விழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ட்ரோன் விதிகள் வந்தன. வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தார்கள். சிவப்பில் பறக்க மத்திய அரசின் அனுமதி வேண்டும். தெரியாமல் கல்யாண வீடியோ எடுக்க வந்த பிள்ளையை விதி தடுக்கும். தெரிந்தே வருபவனை விதி தடுக்காது, பிரான்சில் பார்த்தோமே. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றின் அணு நிலையங்களை மற்றது தாக்காது என்று 1988 டிசம்பர் 31-இல் ஒப்பந்தம் போட்டன. 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் நிலையங்களின் பட்டியலைக் கைமாற்றிக் கொள்கின்றன; உறவு எவ்வளவு கெட்டாலும் அது நிற்கவில்லை. எனக்கு மிகவும் மதிப்புள்ள ஒப்பந்தம் அது. ஆனால் அது இரண்டு அரசுகளுக்கு நடுவே உள்ள சொல். யாருடையது என்றே தெரியாமல் வரும் ட்ரோன் எந்தச் சொல்லுக்குக் கட்டுப்படும்?

கூடங்குளத்தைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். அங்குள்ள உலைகளில் கரண்ட் அடியோடு போனாலும், பம்பே இல்லாமல், வெளிக்காற்றின் இயல்பான ஓட்டத்தைக் கொண்டே தணலை ஆற்றும் அமைப்பு உண்டு. சபோரிச்சியாவில் இருப்பதும் இதே குடும்பத்து உலைதான். இந்த வசதி அங்கே இல்லை. ஆகவே அங்கே நடந்தது இங்கே அப்படியே நடக்கும் என்று பயமுறுத்த நான் வரவில்லை. நான் கேட்பது இரண்டுதான். மின்மாற்றிக்கும் டீசல் தொட்டிக்கும் பம்ப் ஹவுஸுக்கும், கூரைக்குக் கொடுக்கும் அக்கறையில் பாதியாவது கொடுங்கள். வேலிக்கு மேல் ஏதாவது பறந்தால், நிலையத்தைச் சுற்றியுள்ள மீனவ ஊர்களுக்கு அன்றைக்கே, நம் மொழியிலேயே சொல்லுங்கள். சொல்லாமல் விட்ட இடத்தில் வதந்திதான் முளைக்கும்.

ட்ரோனே வேண்டாம் என்று தடைபோடச் சொல்வதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். செர்னோபில் கூரைக்குள் நெருப்பு எங்கே ஊர்கிறது என்று கண்டுபிடிக்க வெப்பக் கேமரா பொருத்திய ட்ரோனைத்தான் அனுப்பினார்கள். 2024 மார்ச்சில் புகுஷிமாவின் முதல் உலைக் கூண்டுக்குள், மனிதன் கால்வைக்க முடியாத இடத்தில், 185 கிராம் எடையுள்ள குட்டி ட்ரோன்கள் நுழைந்து படம் எடுத்தன. இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் யாராவது நாளைக்கு அப்படி ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

கடைசியாக, மறுபடி சபோரிச்சியா. ஆறு உலை, ஐரோப்பாவிலேயே பெரியது. போருக்கு முன் பத்து மின்பாதைகள் இருந்தன. 2025 செப்டம்பர் 23 அன்று மிச்சமிருந்த கடைசிப் பாதையும் சண்டையில் அறுந்தது. ஒரு மாதம், முழுதாக ஒரு மாதம், டீசல் ஜெனரேட்டர்தான் ஓடியது. உலைகள் மூன்று வருடமாக நின்றிருந்ததால் தணல் வெகுவாக ஆறியிருந்தது; அதனால் தாங்கியது. கம்பி அறுந்த இடம் போர்முனை. சுற்றிலும் கண்ணிவெடி. முகமை உக்ரைன், ரஷ்யா இரு பக்கமும் பேசி, அந்தத் துண்டு நிலத்தில் மட்டும் சண்டையை நிறுத்தச் சொன்னது. நிறுத்தினார்கள். கண்ணிவெடியை அகற்றி வழி செய்ததும், இரண்டு பக்கத்து லைன்மேன்களும் அவரவர் பகுதிக்குள் போனார்கள். நம் ஊரில் புயல் முடிந்த மறுநாள் கம்பத்தில் ஏறுகிறார்களே, அதே வேலை. அக்டோபர் 23 அன்று 750 கிலோவோல்ட் பாதையில் கரண்ட் திரும்பியது. ஜெனரேட்டர்களை நிறுத்தினார்கள்.

வணக்கம்.