உங்கள் பக்கத்துக்கு மற்றவர்கள் வைக்கும் பெயர்

நண்பர்களே, இணையதளம் வைத்திருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த கீவேர்டை எத்தனை முறை போடணும்?" என்பதுதான். கீவேர்ட் என்றால் கூகுள் மாதிரித் தேடுபொறியில் மக்கள் தட்டித் தேடும் சொல். அந்தக் கேள்வி ரொம்பப் பழையது. ஒரு காலத்தில் வாசகர் கண்ணில் படாதபடி, பக்கத்தின் நிரலுக்குள், என் பக்கம் இன்னின்னதைப் பற்றியது என்று தளக்காரரே ஒரு மெட்டா குறியில் எழுதி வைப்பார், தேடுபொறிகளும் அதை நம்பின. அப்புறம் கூட்டத்தை இழுக்கும் சொற்களையெல்லாம் ஆளாளுக்கு அதில் கொட்டினார்கள். பக்கங்களை வரிசைப்படுத்த அந்தக் குறியைப் பார்ப்பதே இல்லை என்று 2009இல் கூகுள் அறிவித்துவிட்டது.

சரி, பக்கத்தில் இருக்கும் சொற்களை எண்ணினால் போதாதா? போதாது. எந்தத் தமிழ்ப் பக்கத்தை எடுத்தாலும் 'ஒரு', 'என்று', 'இந்த' போன்றவைதான் நிறைய வரும். 1972இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் இதற்கு அருமையான வழி சொன்னார். எல்லா ஆவணங்களிலும் வரும் சொல்லுக்கு மதிப்பைக் குறை, சிலவற்றில் மட்டுமே வருவதற்கு மதிப்பைக் கூட்டு, அவ்வளவுதான். 'நல்ல' ஐம்பது முறை வந்தாலும் ஒன்றும் தெரியாது. 'கண்புரை' நான்கு முறை வந்தாலே விஷயம் பிடிபட்டுவிடும்.

ஆனால் இதெல்லாம் பக்கம் தன்னைப் பற்றித் தானே சொல்வது. கூகுளை உருவாக்கிய லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998இல் அதை விளக்கி வெளியிட்ட கட்டுரையில் இன்னொரு சாட்சியைக் கொண்டுவந்தார்கள், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒரு லிங்கில் இருக்கும் சொற்களை, அந்த லிங்க் போய்ச் சேரும் பக்கத்தின் கணக்கிலும் எழுதிவிட்டார்கள். அதனால் எழுத்தே இல்லாத ஒரு படத்தைக்கூடத் தேடி எடுக்க முடிந்தது, யாரோ அதற்கு ஒரு பெயர் சொல்லி லிங்க் கொடுத்திருந்தால் போதும். இதிலும் ஆபத்து இருந்தது. பலர் கூடிப் பேசிக்கொண்டு 'படுதோல்வி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களால் அப்போதைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்புக்கு லிங்க் கொடுத்தார்கள். அந்தச் சொற்களைத் தேடியவருக்கு முதலில் வந்து நின்றது அவர் பக்கம். 2007இல்தான் கூகுள் இதைச் சரிசெய்தது.

சொற்கள் வைத்த பிரச்சினை இன்னொன்று. 'மாலை' என்று எழுதினால் பொழுதா, பூமாலையா? அருகில் நாரும் தொடுப்பதும் வந்தால் ஒன்று, வெயிலும் மணியும் வந்தால் வேறொன்று. இப்படிச் சுற்றியுள்ள சொற்களைச் சேர்த்து வாசிக்கும் பெர்ட் என்ற மொழி மாதிரியை 2019இல் கூகுள் தன் தேடலுக்குள் கொண்டுவந்தது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் திணிப்பவர்களை விட, ஒரு விஷயத்தைத் தெரிந்தவர் இயல்பாகப் பேசுவது போல எழுதுபவருக்கு இது நல்ல செய்தி.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் தளத்தைத் திறந்து, 'இங்கே கிளிக் செய்யவும்' என்று லிங்க் வைத்த இடங்களைத் தேடுங்கள். அந்த மூன்று சொற்களிலிருந்து தேடுபொறிக்கு எதுவும் கிடைக்காது, வாசகருக்கும் கிடைக்காது. 'கண்புரை அறுவைக்குப் பின் சொட்டு மருந்து போடும் முறை' என்று மாற்றுங்கள்.