பெட்ரோமாக்ஸ் மேண்டிலும் ஜெர்மானியப் படிகமும்

நேயர்களுக்கு வணக்கம்.

பெட்ரோமாக்ஸ் விளக்கு நினைவிருக்கிறதா? கல்யாண ஊர்வலத்தில் தலையில் சுமந்து வருவார்களே, திருவிழாவில் கரகாட்டத்துக்குப் பக்கத்தில் உஸ்ஸென்று எரியுமே, அந்த விளக்கு. என் தாத்தா அதை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடத்தினார். உள்ளே சின்னத் துணிப்பை மாதிரி ஒன்றைக் கட்டுவார்கள். அதுதான் மேண்டில். ஒருமுறை எரிந்துவிட்டால் துணி போய்ச் சாம்பல் கூடுதான் மிஞ்சும், விரல் பட்டாலே உதிர்ந்துவிடும். “மேண்டில் பத்திரம்” என்று தாத்தா சொல்லாத நாள் கிடையாது.

அணுக்கரு ஆய்வுக்கான காமா கதிர் உணர்கருவிகளை அமைப்பதும் பராமரிப்பதும் என் வேலை. டிடெக்டர் என்றே சொல்லிக்கொள்வோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். நான் முதன்முதலாக ஜெர்மானியம் என்ற தனிமத்தின் படிகத்தால் ஆன ஒரு டிடெக்டரைத் தயார் செய்த வாரம், ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் தாத்தா காலத்து மேண்டில் பாக்கெட் ஒன்று கிடந்தது. பிரிக்காத பாக்கெட். அதை அப்படியே டிடெக்டருக்கு முன்னால் வைத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அந்தக் காலத்து மேண்டிலில் தோரியம் இருந்தது. தோரியமும் அதிலிருந்து பிறக்கும் அணுக்களும் காமா கதிர்களை வெளியிடும். இந்தத் தோரியத்துக்கும் நமக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலர், நம் கரையிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்தார். அந்த மணல் வந்த இடம் மணவாளக்குறிச்சி. அன்று திருவிதாங்கூரில் இருந்தது, இன்று கன்னியாகுமரி மாவட்டம். தோரியம் அடங்கிய அந்த மோனசைட் மணலைத்தான் மேண்டிலுக்காகக் கப்பல் கப்பலாக ஏற்றிப் போனார்கள். சரி, மேண்டிலுக்கு வருகிறேன்.

காமா கதிர் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒளி. ஒவ்வொரு அணுக்கருவும் தனக்கே உரிய ஆற்றலில்தான் அதை வெளியிடும். அந்த ஆற்றலுக்கு ஓர் எண் உண்டு. அலகின் பெயர் கிலோ எலக்ட்ரான் வோல்ட், நீங்கள் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். மேண்டிலிலிருந்து வரும் கதிர்களில் இரண்டு, 965, 969. நான்குதான் வித்தியாசம். பக்கத்து மேசையில் சோடியம் அயோடைடு டிடெக்டர் ஒன்று இருந்தது. அது அந்த இரண்டையும் சேர்த்து ஒரே மேடாகக் காட்டியது. ஜெர்மானியம் டிடெக்டரின் திரையில் இரண்டு ஊசிகள் தனித்தனியாக எழுந்தன, நடுவில் பள்ளம் தெளிவாகத் தெரிந்தது. அன்று நான் வீட்டுக்குப் போகவே இல்லை.

விறகுக்கடைத் தராசுக்கும் நகைக்கடைத் தராசுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. கதிர் உள்ளே வந்ததும் எத்தனை எலக்ட்ரான் கிளம்புகிறது என்று எண்ணித்தான் ஆற்றலைக் கண்டுபிடிக்கிறோம். சோடியம் அயோடைடில் முதலில் ஒளி வரும், அந்த ஒளி அப்புறம் எலக்ட்ரானாக மாறும். கடைசியில் கைக்கு வருவது சில ஆயிரம். ஜெர்மானியத்தில் அதே 969-க்கு ஏறத்தாழ மூன்றே கால் லட்சம் எலக்ட்ரான்கள் நேரடியாகக் கிளம்பும். எண்ணிக்கை கூடக் கூட அளவு துல்லியமாகும்.

இந்தத் துல்லியத்துக்குக் கொடுக்கும் விலை குளிர். ஜெர்மானியத்தில் எலக்ட்ரானைக் கிளப்ப மிகக் கொஞ்சம் ஆற்றல் போதும். அறையின் வெப்பமே அதைக் கிளப்பிவிடும். அப்புறம் கதிர் கிளப்பியது எது, வெப்பம் கிளப்பியது எது என்று பிரிக்கவே முடியாது. அதனால் படிகத்தைத் திரவ நைட்ரஜனால் குளிர வைக்கிறோம், மைனஸ் 196 டிகிரிக்குப் பக்கத்தில். சினை ஊசி போட வருபவர் ஓர் அலுமினியக் குடுவையைத் திறக்கும்போது வெள்ளைப் புகை வழிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே திரவம்தான். எங்களுக்கு அது நாளுக்கு இரண்டு மூன்று முறை வேண்டும், தீபாவளி அன்றைக்கும் வேண்டும்.

படிகம் இருப்பது வெற்றிடத்தில், ஓர் அலுமினிய மூடிக்குள். காலையில் போனதும் நான் செய்யும் முதல் வேலை, அந்த மூடியைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது. அறையின் சூட்டிலேயே இருந்தால் நிம்மதி. கொஞ்சம் சில்லென்று பட்டாலோ, மூடி வியர்த்திருந்தாலோ, உள்ளே காற்று கசிந்திருக்கிறது, வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம். ஒரு மழைக்காலத்தில், இரவு மூன்று மணிக்கு, பரிசோதனை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு மூடியின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்ததைப் பார்த்தேன். படிகத்தின் மேல் 3,000 வோல்ட்டுக்கு மேல் இருந்தது. சட்டென்று அணைக்கவும் கூடாது, அப்படியே விடவும் கூடாது. அந்த நிலையில் சூடேறினால் உள்ளே இருக்கும் முதல் மின்னணுப் பாகம் கருகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட்டைக் குறைத்தோம். அப்புறம் நைட்ரஜனை நிறுத்தி, படிகத்தை மெல்லச் சூடேறவிட்டு, நாள் கணக்கில் பம்ப் ஓட்டி, திரும்பக் குளிர வைத்தோம். பழைய மேண்டிலை வைத்துப் பார்த்தேன். 965, 969. இரண்டும் தனித்தனியாகவே நின்றன.

இவ்வளவு பாடு எதற்கு? வேகமாகச் சுழலும் அணுக்கரு, படிப்படியாக வேகம் குறையும்போது வரிசையாகக் காமா கதிர்களை விடும். அந்த வரிசையில்தான் அதன் வடிவம் தெரியும். 1986-இல் இங்கிலாந்தின் டேர்ஸ்பரி ஆய்வகத்தில், டிஸ்ப்ரோசியம்-152 அணுக்கருவிலிருந்து 19 கோடுகள் வேலிக்கம்பு நட்டதுபோலச் சம இடைவெளியில் வந்தன. இடைவெளி சுமார் 47. அந்த அணுக்கரு, அகலத்தைப் போல இரண்டு மடங்கு நீளமாக நீண்டிருந்தது என்று அதிலிருந்து தெரிந்தது. விறகுக்கடைத் தராசில் இது தெரிந்திருக்காது.

நேரம் நெருங்கிவிட்டதாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். படிகத்தில் பாதி ஆற்றலை மட்டும் விட்டுவிட்டுத் தப்பி ஓடும் கதிர்களைப் பிடிக்க, சுற்றிலும் பிஸ்மத் கலந்த இன்னொரு படிகக் கவசம் போடுகிறோம். அதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நான்கு ஜெர்மானியப் படிகங்களை ஒரே மூடிக்குள் வைத்த க்ளோவர் டிடெக்டர்கள் 24 வரை சேர்ந்த இங்கா என்ற அணி நம் நாட்டில் இருக்கிறது. மும்பை, டெல்லி, கொல்கத்தாவில் அணுத்துகள்களை வேகப்படுத்தும் முடுக்கிகளுக்கு அது மாறி மாறிப் போகும். நியூட்ரான் பட்டு அடிவாங்கிய படிகத்தை 100 டிகிரி வாக்கில் நாள் கணக்கில் சூடாக்கினால் பழைய கூர்மை திரும்ப வரும். அந்தக் கதையும் நிறைய இருக்கிறது.

தாத்தாவின் மேண்டில் இப்போதும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது, பாக்கெட் பிரிக்காமலே. நன்றி, வணக்கம்.