மலை இறக்கத்துல மொரிஸ் மைனரும் கேடிஎச் வேனும்

வணக்கம் மக்களே. நுவரெலியாப் பக்கம் லபுக்கலைத் தேயிலை மலைக்கு நடுவுல நிக்கிறோம். இந்தப் பக்கம் 1098 சீசீ மொரிஸ் மைனர், பழைய கார். அந்தப் பக்கம் கேடிஎச்னு சொல்ற டொயோட்டா ஹையேஸ் வேன். ஏத்தத்துல எது கெட்டின்னுதான் எல்லாரும் கேக்குறீங்க. நுவரெலியா 1868 மீட்டர் உயரம், காத்து மெலிசு. காத்தையும் பெட்ரோலையும் கலக்குற காபரேட்டர் வச்ச மைனருக்கு ஆறுல ஒரு பங்கு பலம் போயிரும். காத்தை அமுக்கி உள்ள தள்ளுற டர்போ இருக்கிறதால டீசல் வேன் சமாளிச்சிரும். அவ்வளவுதான். உயிர் போற விஷயம் இறக்கத்துல இருக்கு.

நுவரெலியாவுல இருந்து ரம்பொடை வழியா கம்பளைக்குப் போனா 1300 மீட்டருக்கு மேல இறங்குறோம். அவ்வளவு இறக்கத்தையும் கியரைக் குறைச்சு எஞ்சினாலயே பிடிக்கணும். இல்லன்னா பிரேக் சூடாகும்.

மைனருக்கு நாலு வீலும் ட்ரம் பிரேக், வீலோட சுத்துற ட்ரம்முக்குள்ள ஷூ விரிஞ்சு உரசிப் பிடிக்கும். சூடாக சூடாக ட்ரம் விரிஞ்சு ஷூவை விட்டு விலகும், பெடல் கீழ கீழ போகும். பிரேக் லைனும் ஒண்ணே ஒண்ணுதான். எந்த வீல்ல கசிஞ்சாலும் நாலும் போச்சு. பெடலை மிதிச்சா பிரேக் ஒயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் எங்க இருக்கு பாருங்க: டிரைவர் காலடியில, இந்தக் கார்ப்பெட்டைத் தூக்கினா ஒரு மூடி, அதுக்குக் கீழ. கண்ணுல படாத இடம், அதனாலதான் ஒயில் வத்துறதே தெரியாமப் போகுது. மாசம் ஒருக்கா தூக்கிப் பாருங்க.

ஷூ அட்ஜஸ்ட் பண்றது லேசு. வீலை ஜக் போட்டுத் தூக்கி, வீல் கப்பைக் கழட்டி, ட்ரம் ஓட்டைக்கு நேரா ஷூவை நகர்த்துற அட்ஜஸ்டர் வர்ற வரைக்கும் வீலைச் சுத்துங்க. ஸ்குரூ டிரைவரால வலது பக்கம் திருப்பி, வீல் இறுகினதும் ஒரு கிளிக் பின்னால விடுங்க. முன் வீல் ஒவ்வொண்ணுலயும் ரெண்டு அட்ஜஸ்டர். பலபேர் ஒண்ணோட நிறுத்திர்றாங்க, அப்புறம் வண்டி ஒரு பக்கம் இழுக்குதுன்னு கவலைப்படுறாங்க. பின்னால வீலுக்கு ஒண்ணுதான்.

வேனுக்கு முன்னால டிஸ்க் பிரேக், மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் குடுக்குற பூஸ்டரும் உண்டு. ஆனா ஆள், சாமானோட 2 டன்னைத் தாண்டுது. ஓட்டோ கியரை டி-யிலயே விட்டு பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா டிஸ்க் சூடு, அதை இறுக்கிப் பிடிக்கிற கெலிப்பருக்குள்ள ஏறி பிரேக் ஒயில் கொதிக்கும். ஆவி நசுங்கும், ஒயில் நசுங்காது. அதனாலதான் பெடல் ஸ்பொஞ்ச் மாதிரி அமுங்குது. டொட் 3 தர பிரேக் ஒயில் புதுசா 205 பாகையில கொதிக்கும், ஈரம் உறிஞ்சினா 140-க்கே கொதிச்சிரும். நம்ம மலைப் பனியில ஈரத்துக்குப் பஞ்சமில்ல. டொட் 4 போடுங்க, 2 வருஷத்துக்கு ஒருக்கா முழுசா மாத்துங்க.

வேன்ல வளைவுக்கு முன்னாலயே ஓவர்டிரைவை, அதாவது மேல் கியரை, ஓஃப் பண்ணி, செங்குத்துல கியரை 2-க்கு இறக்குங்க. மைனர்ல முதல் கியருக்கு, வேகத்தைச் சமப்படுத்தி கியரை லேசா விழ வைக்கிற சிங்க்ரோ கிடையாது, ஓடுற வண்டியில விழாது. அதனால இறக்கம் தொடங்குறதுக்கு முன்னாலயே ரெண்டாவது கியருக்கு வந்துருங்க. எஞ்சினை மட்டும் ஓஃப் பண்ணாதீங்க. வேன்ல ரெண்டு மூணு மிதியோட பூஸ்டர் தீர்ந்துரும், அப்புறம் பெடல் கல்லு மாதிரி.

கருகின வாடை வந்தா அரை மணித்தியாலம் ஓரமா நிறுத்துங்க. தண்ணி ஊத்தாதீங்க, ட்ரம் விரிசல் விடும், டிஸ்க் வளைஞ்சிரும். ஹேண்ட் பிரேக்கையும் இறுக்காதீங்க. வீலுக்கு ஒரு கல்லு வைங்க.