இறங்கும்போது பால் கொடுங்கள்

வணக்கம் நேயர்களே. வலங்கைமான் பக்கத்துக் கிராமங்களில் முப்பத்தோரு வருடம் சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவள் நான். சைக்கிள் கேரியரில் தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாய்க்கால் கரையோரமாகப் போன காலம் உண்டு. தாய்ப்பால் பற்றி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பற்றியெல்லாம் வானொலியில் முன்பு பேசியிருக்கிறேன். இன்றைக்கு நர்ஸம்மாவாக வரவில்லை, அம்மாச்சியாக வந்திருக்கிறேன். மகள், மாப்பிள்ளை, எட்டு மாதப் பேத்தி, நான், நான்கு பேருமாக ஆறு நாள் சிங்கப்பூர் போய் வந்தோம். திரும்பி வந்ததிலிருந்து தெருவில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "கைப்புள்ளைய வச்சுக்கிட்டு பிளேன்ல எப்படிக்கா சமாளிச்சீங்க?"

கடல் தாண்டிப் போவது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதா என்ன? நாகப்பட்டினத்திலிருந்து ராஜூலா கப்பல் போன காலத்தில் என் பெரியம்மா இடுப்பில் பிள்ளையோடு பினாங்கு போனவள். ஏறத்தாழ ஒரு வாரம் கடலில். மேல்தளத்தில் பாய் விரித்து, சுருட்டிக் கட்டிய படுக்கையும் புளிச்சோறுமாகப் போனதைக் கதை கதையாகச் சொல்வாள். இப்போது திருச்சியில் ஏறினால் நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூர். அதற்குப் போய் ஏன் இவ்வளவு பயம் என்று நானும்தான் நினைத்தேன். ஆனால் பெரியம்மா போன கப்பலில் பிள்ளைக்குக் காது அடைத்திருக்காது. விஷயமே அந்தக் காதில்தான் இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் காகித வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். அம்மா பாஸ்போர்ட்டில் சேர்த்துக்கொள்ளலாம் என்று இன்னமும் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது இப்போது நடக்காது. 2023 அக்டோபர் 1ஆம் தேதிக்குப் பிறகு பிறந்த பிள்ளை என்றால் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் ஆதாரம். நம் பக்கம் பிள்ளை பிறந்ததும் பதிந்துவிடுவோம், பெயர் வைக்கத்தான் நாள் ஆகும். குலதெய்வம் கோயிலில் வைக்கணும், மாமன் வரணும் என்று தள்ளிப்போகும். அதனால் பல வீடுகளில் சான்றிதழ் பெயரில்லாமல் கிடக்கிறது. பதிந்த தேதியிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் கிடையாது. வைக்கிற பெயர் எதுவானாலும் ஆங்கில எழுத்தில் ஒரே மாதிரி இருக்கட்டும். இனிஷியல் செல்லாது, அப்பா பெயரை முழுதாக எழுத வேண்டும். எங்கள் வீட்டில் சான்றிதழில் ஒரு 'ஹெச்' கூடிப்போய், அதைத் திருத்த மாப்பிள்ளை மூன்று நடை நடந்தார்.

அப்புறம் போட்டோ. நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் படத்தை நாமே எடுத்துக்கொண்டு போக வேண்டும். வெள்ளைப் பின்னணி, கண் திறந்திருக்கணும், நேராகப் பார்க்கணும். மூன்று மாதப் பிள்ளையிடம் இதையெல்லாம் யார் சொல்வது? கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் தரையில் வெள்ளை வேட்டியை விரித்துப் பாப்பாவைப் படுக்கப் போட்டார்கள். ஸ்டுடியோ தம்பி ஸ்டூல் மேல் ஏறிக் குனிந்து நிற்கிறார். நான் அவர் தலைக்கு மேலே கிலுகிலுப்பையை ஆட்டுகிறேன். எல்லாம் சரியாக வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு! "அம்மா, மையத் தொடைச்சிட்டு வாங்க" என்கிறார் தம்பி. சம்பந்தியம்மா, அதாவது பாப்பாவின் அப்பாயி, விடமாட்டேன் என்கிறார். "அத்தன பேரு பாக்குற எடத்துக்குப் போற புள்ள, பொட்டில்லாம எப்படி?" கடைசியில் பொட்டை உள்ளங்காலுக்கு மாற்றினோம். பாஸ்போர்ட் படம் கழுத்துக்கு மேலேதானே. அவருக்கும் திருப்தி, தம்பிக்கும் திருப்தி. பிள்ளைகளுக்குத் தருகிற பாஸ்போர்ட் ஐந்து வருடம் செல்லும். ஐந்து வயதிலும் அதே மூன்று மாத முகத்தைக் காட்டிக்கொண்டு போகும் என் பேத்தி.

டிக்கெட் விஷயம் சுருக்கமாக. இரண்டு வயது நிறையாத பிள்ளை மடியில் உட்கார்ந்து போகலாம், ஆனால் அதற்கும் ஒரு தொகை உண்டு. இரண்டு வயது என்பதைத் திரும்பி வரும் தேதிக்கும் சேர்த்துப் பாருங்கள். போகும்போது ஒன்றே முக்கால், வரும்போது இரண்டு தாண்டிவிட்டது என்றால் வருவதற்குத் தனி சீட் எடுக்க வேண்டும். விசாவும் பிள்ளைக்குத் தனி. சிங்கப்பூருக்குள் நுழையும் முன் மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்புகிற வருகை அட்டையும் பிள்ளைக்கு உண்டு. தொட்டில் தருவார்களே என்று நம்பிப் போகாதீர்கள். அது பெரிய விமானங்களில், முன்வரிசைச் சுவரில் மாட்டுவது. திருச்சியிலிருந்து போகிற சின்ன விமானங்களில் மடிதான் தொட்டில்.

பெட்டி கட்டும்போது ஒரு சண்டை. சம்பந்தியம்மா ஒரு சின்னப் பையில் சுக்கு, வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், உரைகல் எல்லாம் வைத்து, கூடவே கசகசாவும் ஒரு பொட்டலம் வைத்திருந்தார். பிள்ளை தூங்கவில்லை என்றால் அரைத்துக் கொடுக்கணுமாம். நான் வெளியே எடுத்து வைத்துவிட்டேன். சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகள் பலவற்றிலும் கசகசாவுக்குத் தடை இருக்கிறது. மகனைப் பார்க்கத் துபாய் போகிறவர்கள் மசாலாப் பொடிக்குள்கூட அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தடையை விடுங்கள், பிள்ளையைத் தூங்க வைக்க எதையும் கொடுக்காதீர்கள். வசம்பும் வேண்டாம், சளி மருந்தும் வேண்டாம். "ஒரு மூடி சளி சிரப் குடுத்தா நாலு மணி நேரம் சத்தமே இருக்காதுக்கா" என்று எனக்கே யோசனை சொன்னவர்கள் உண்டு. பிள்ளை அழுதால் பக்கத்து சீட்காரர் முறைப்பார், அவ்வளவுதான். முறைத்துவிட்டுப் போகட்டும். மருந்து கொடுத்து மயக்கிய பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் யாரைக் கூப்பிடுவீர்கள், முப்பத்தையாயிரம் அடிக்கு மேலே?

சரி, விமான நிலையம். திருச்சியில் 2024இல் திறந்த புதிய கட்டடம் இப்போது விசாலமாக இருக்கிறது. முகப்பிலேயே ஸ்ரீரங்கத்துக் கோபுரச் சாயல். பரிசோதனை வாசலில் மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நுழைந்ததும் 'கீக்' என்றது. வளையல், கம்மல் எல்லாம் பார்த்தாயிற்று, திரும்பவும் 'கீக்'. கடைசியில் அந்தப் பெண் காவலர் கைக்கருவியைப் பாப்பாவின் இடுப்புப் பக்கம் கொண்டுபோனார். வெள்ளி அரைஞாண்! நாங்கள் சிரிக்க, அவரும் சிரித்துவிட்டார். அடுத்து என் கைப்பையை நிறுத்தினார்கள். உள்ளே வெள்ளிப் பாலாடை, பிள்ளைக்குப் பால் புகட்டுகிற மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். வடநாட்டுப் பையன் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். விளக்கா, கரண்டியா என்று அவருக்குப் புரியவில்லை. நான் வாயைத் திறந்து குழந்தை மாதிரி குடித்துக் காட்டினேன். போகச் சொல்லிவிட்டார். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நூறு மில்லிக்கு மேல் தண்ணீர், எண்ணெய் எதுவும் கைப்பையில் விடமாட்டார்கள். ஆனால் பிள்ளைக்கான பாலும் கூழும் மருந்தும் பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டுபோகலாம். தனியாக எடுத்து வைத்து, கேட்பதற்கு முன்னால் நீங்களே காட்டிவிடுங்கள்.

இப்போது காது. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

நீங்கள் கொடைக்கானல் பஸ்ஸில் போயிருப்பீர்கள். திரும்பும்போது காலித் தண்ணீர் பாட்டிலை மேலேயே இறுக்கி மூடி வைத்துவிட்டு வத்தலக்குண்டில் இறங்கிப் பாருங்கள், சப்பையாக ஒடுங்கியிருக்கும். மேலே காற்று லேசு, கீழே கனம். கீழே இருக்கிற கனத்த காற்று பாட்டிலை வெளியிலிருந்து அமுக்குகிறது. விமானத்திலும் இதே கதைதான். எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் உள்ளே கொடைக்கானல் உயரத்துக் காற்று மாதிரிதான் வைத்திருப்பார்கள், ஆறாயிரம் எட்டாயிரம் அடி. அங்கிருந்து தரைக்கு இறங்கும்போது நம் காதுதான் அந்தப் பாட்டில். காதுக்கும் தொண்டைக்கும் நடுவே ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. விமானம் ஏறும்போது உள்ளே இருக்கிற காற்று அதன் வழியாகத் தானே வெளியே வந்துவிடும். இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே போக வேண்டும், அதற்கு அந்தக் குழாய் சுலபத்தில் வழிவிடாது. மதகைத் தூக்க ஆள் வேண்டும். எச்சில் முழுங்குவதும் கொட்டாவி விடுவதும்தான் மதகைத் தூக்குகிற வேலை. பெரியவர்கள் நாம் தன்னால் முழுங்குவோம். பிள்ளைக்குத் தெரியாது. போதாததற்கு அதன் குழாய் நம்முடையதைவிடக் குட்டை, ஒடுக்கம், படுத்த வாக்கில் இருக்கும். அதனால்தான் இறங்குகிற நேரத்தில் விமானத்தில் உள்ள பிள்ளைகள் எல்லாம் ஒன்று சேர்ந்து அழும்.

ஆகவே பால் கொடுக்க வேண்டியது எப்போது? இறங்கும்போது.

இதெல்லாம் தெரிந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? ஏறின உடனே பாப்பா சிணுங்கியது. "கொடும்மா, கொடு" என்று மகளை அவசரப்படுத்தினேன். குடித்தது, தூங்கியது. நடுவில் விழித்தது, மறுபடியும் கொடுத்தோம். வயிறு கும்மென்று இருக்கிறது. நானும் பெருமையாகச் சுற்றிப் பார்க்கிறேன், பார்த்தீர்களா எங்கள் பிள்ளை எவ்வளவு சமத்து என்று. இறங்கப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. பத்து நிமிடம்தான் போயிருக்கும். பாப்பா வீல் என்று கத்த ஆரம்பித்தது. முகம் செக்கச்செவேல். காதைப் பிடித்து இழுக்கிறது. மகள் மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வயிற்றில் இடமில்லையே! பெல்ட்டைப் போட்டுவிட்டார்கள், தூக்கிக்கொண்டு நடக்கவும் முடியாது. மாப்பிள்ளை என்னைப் பார்க்கிறார். முப்பத்தோரு வருட நர்ஸ் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

பின் சீட்டிலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். நீடாமங்கலத்துக்காரராம், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். "அம்மா, பால் வேண்டாம்னா தண்ணியாச்சும் ரெண்டு சொட்டு உடுங்க, முழுங்கட்டும்." அப்போதுதான் எனக்குப் பாலாடை ஞாபகம் வந்தது. பாப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்து, ஆறிய வெந்நீரை அதில் ஊற்றி, அழுகைக்கு நடுவே மூச்சு வாங்குகிற நேரம் பார்த்து உதட்டில் வைத்தேன். கவனமாகக் கேளுங்கள், அழுகிற வாயில் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். படுக்க வைத்தும் கூடாது. நிமிர்த்தி, உதட்டில், சொட்டுச் சொட்டாக. நாக்கு தேடிக்கொண்டு வந்தது. ஒரு முழுங்கு. இரண்டு முழுங்கு. மூன்றாவது முழுங்குக்குக் கத்தல் விசும்பலாக இறங்கியது. அப்புறம் பாலாடையின் மூக்கைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தது. ஆறு மாதம் தாண்டிய பிள்ளை என்பதால் தண்ணீர் கொடுத்தேன். அதற்குக் கீழே என்றால் தாய்ப்பால்தான், எடுத்து வைத்திருந்தால் அதையே பாலாடையில் கொடுக்கலாம்.

திரும்பி வரும்போது விவரமாகிவிட்டேன். பணிப்பெண்ணிடம், "இறங்க ஆரம்பிக்கறப்ப என்கிட்ட சொல்லும்மா" என்று சொல்லி வைத்தேன். தரை தொட ஏறக்குறைய அரை மணி இருக்கும்போது வந்து சொன்னது அந்தப் பெண். அதுவரை பாப்பா சிணுங்கியபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம்தான் கொடுத்தோம். தூங்கிக்கொண்டிருந்ததை எழுப்பினேன். பாவம் என்றார் மாப்பிள்ளை. இருக்கட்டும். குடித்துக்கொண்டே திருச்சியில் இறங்கியது. சத்தமே இல்லை. மறந்துவிடாதீர்கள், இறங்கும்போது. பிள்ளைக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் கிளம்பும் முன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், அந்த வலி இன்னும் அதிகம்.

இன்னொன்று, பழைய பருத்திச் சேலை. என்னுடைய நைந்த சுங்குடிச் சேலை ஒன்றைக் கைப்பையில் வைத்திருந்தேன். விமானத்தில் பால் கொடுக்க மறைப்பு, ஏசி குளிருக்குப் போர்வை, விரிப்பு, எல்லாம் அதுதான். அங்கே ஓட்டலில் அழகான மரத் தொட்டில் போட்டுக் கொடுத்தார்கள். தூளியிலேயே வளர்ந்த பிள்ளை, அதில் படுக்குமா? உத்தரத்தைத் தேடினால் வழவழவென்று கூரை, ஒரு கொக்கி இல்லை. சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளை பிடிக்க, இன்னொரு முனையை நான் பிடிக்க, நடுவில் பாப்பா. கட்டிலுக்கு மேலேயே, ஒரு சாண் உயரத்தில்தான். இரவு பத்து மணிக்குப் பதினான்காவது மாடியில் மாமியாரும் மருமகனும் தூளி ஆட்டினோம். தினமும் இருபது நிமிடம். ஆறு நாளில் அவரோடு பேசியதுபோல் கல்யாணமான மூன்று வருடத்தில் பேசியதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். அங்கே இரண்டரை மணி நேரம் முந்திக்கொண்டு ஓடுவதால் பிள்ளையின் தூக்கம் எப்படி மாறியது, ஒன்பதாம் மாதத்துத் தட்டம்மை ஊசிக்கு முன்னால் பயணம் வந்தால் டாக்டரிடம் என்ன கேட்பது என்றெல்லாம் எழுதி வைத்திருந்தேன். நேரம் இல்லை. தடுப்பூசி அட்டையை மட்டும் கையோடு கொண்டுபோங்கள். மாற்றுத் துணி பிள்ளைக்கு மட்டும் இல்லை, தூக்கி வைத்திருப்பவருக்கும் ஒன்று கைப்பையில் வேண்டும். நான் வைக்கவில்லை. சாங்கி விமான நிலையத்தில் என் பட்டுச் சேலைக்கு என்ன ஆனது என்பதை அடுத்த முறை கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.