மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

வணக்கம், நேயர்களே. பந்தயக் குதிரைகளுக்குப் பல ஆண்டுகள் மருத்துவம் பார்த்தவன் என்பதால் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். குதிரைக்குக் கால் உடைந்தால் என்ன செய்வீர்கள் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். 450, 500 கிலோ எடையுள்ள உயிர் அது. மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து ஆறும் உடம்பு அதற்கு இல்லை. பெரிய முறிவு என்றால் பெரும்பாலும் ஊசி போட்டு, மேலும் வலி தெரியாமல் அனுப்பி வைப்பதுதான் எங்கள் வேலை. அதைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. கால் உடையாமல் இருக்க, காலைப் பயிற்சியில் என்ன செய்யலாம் என்று பேசுகிறேன்.

கிண்டி மைதானத்தில் நான் வேலை பார்த்த நாள்களில், விடியும் முன்பே குதிரைகள் மணல் தடத்துக்கு வந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிய வேண்டும். அந்த ஓட்டங்கள் செய்தித்தாளில் ஒற்றை வரியில் வரும்: இன்ன குதிரை, 600 மீட்டர், 42 விநாடி, நன்றாக ஓடியது. பந்தயம் பார்க்கிறவர்கள் அந்த விநாடிக் கணக்கை வரி விடாமல் படிப்பார்கள். அந்த எண்ணில் குதிரையின் மூச்சு தெரியும், தசை தெரியும். எலும்பு தெரியாது.

காரணம் இதுதான். சும்மா நிற்கும்போது குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 30, 40 முறை துடிக்கும். முழு வேகத்தில் அது 220-ஐத் தாண்டும். மண்ணீரலில் சேமித்து வைத்திருக்கும் சிவப்பணுக்களை ஓட்டம் தொடங்கியதும் ரத்தத்தில் கொட்டும். இப்படி ஓடவே பிறந்த பிராணிக்குச் சில வாரப் பயிற்சியிலேயே மூச்சு தயாராகிவிடும். எலும்புக்கு மாதங்கள் ஆகும். மூச்சு தயாராகி, எலும்பு இன்னும் தயாராகாத அந்த இடைவெளிதான் ஆபத்தான காலம். குதிரை உற்சாகமாக இருக்கும், தீனி நன்றாகத் தின்னும், கடிவாளத்தை இழுக்கும். பார்க்கிறவர்கள் எல்லோரும் "ரெடி" என்பார்கள்.

இரண்டு வயதுக் குட்டிகளிடம் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். முன்னங்கால் முட்டிக்குக் கீழே நேராக இறங்கும் நீண்ட எலும்பைக் கேனன் எலும்பு என்பார்கள். பயிற்சி தொடங்கிய சில மாதங்களில் அதன் முன்பக்கம் வீங்கி, தொட்டாலே குட்டி காலை இழுத்துக்கொள்ளும். லாயத்தில் 'ஷின்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். அமெரிக்காவில் இளங்குதிரைகளில் பத்துக்கு ஏழுக்கு இது வருவதாகக் கணக்கிட்டார்கள். எல்லாக் குட்டிக்கும் வருவதுதானே என்று ரொம்பக் காலம் விட்டுவிட்டார்கள்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை அறுவை மருத்துவர் டேவிட் நூனமேக்கர் அப்படி விடவில்லை. வண்டி இழுத்துப் பந்தயம் ஓடும் ஸ்டாண்டர்ட்பிரெட் குதிரைகளுக்கு இந்த வலி ஏன் வருவதில்லை என்று யோசித்தார். எலும்பின் மேலேயே நுண்ணிய அளவுமானிகளை ஒட்டிக் குதிரைகளை ஓடவிட்டுப் பார்த்தார். மெதுவாக ஓடும்போது எலும்பு தாங்கும் சுமையின் திசை வேறு, முழு வேகத்தில் தாங்கும் திசை வேறு என்று தெரிந்தது. தினமும் மைல் கணக்கில் மெதுவாக ஓட்டிவிட்டு, வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை மட்டும் வேகமாக விடுவதுதான் பழைய வழக்கம். அப்படி ஓட்டினால், எலும்பு மெதுவான ஓட்டத்துக்கென்றே தன்னைக் கட்டிக்கொள்ளும். பந்தய நாளன்று பழகாத பக்கத்திலிருந்து சுமை வந்து விழும்.

அவர் சொன்ன மாற்று எளிமையானது. வாரத்தில் இரண்டு நாள், மெதுவான ஓட்டத்தின் கடைசி 200 மீட்டரை மட்டும் 15 விநாடியில் ஓடவிடு. சில வாரம் போனதும் அதை 400 மீட்டராக்கு. அதே சமயம் மெதுவான மைல்களைக் குறை. முதலில் கேட்டபோது எனக்கே இது தலைகீழாகப் பட்டது. குட்டியைக் காப்பாற்ற வேகத்தைக் கூட்டுவதா?

அப்புறம் ரூபின், லான்யன் என்ற இருவர் 1984-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது பிடிபட்டது. பறவைகளின் இறக்கை எலும்பில் தினமும் கணக்காகச் சுமை ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். நாளுக்கு 4 முறை ஏற்றினால் எலும்பு தேயாமல் நின்றது. 36 முறை ஏற்றினால் வளர்ந்தது. 360 முறை, 1800 முறை என்று போனபோது அதற்கு மேல் பலன் ஒன்றும் இல்லை. இப்போது குதிரைக்கு வாருங்கள். அந்த வேகத்தில் ஒரு பாய்ச்சல் ஆறு மீட்டருக்கு மேல் இருக்கும். 200 மீட்டர் என்றால் ஏறக்குறைய 30, 35 பாய்ச்சல். எலும்புக்குச் சேதி சொல்ல அவ்வளவு போதும். அதற்கு மேல் ஓட்டும் ஒவ்வொரு மைலும் தேய்மானக் கணக்கில்தான் சேரும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதுவரை எத்தனை குட்டிகளை வீணாக மைல் கணக்கில் ஓட்டச் சொல்லிச் சீட்டு எழுதியிருப்பேன்!

தசையை எலும்போடு இணைக்கும் தசைநார் வேறு சாதி. குதிரை வளர்ந்து முடித்தபின் அது பயிற்சியால் பெரிதாக வலுப்பெறாது. வேகமான ஓட்டத்தில் அதன் நடுப்பகுதியில் சூடு 45 டிகிரி வரை ஏறும். அதற்கு நாம் செய்யக்கூடியது, களைத்த குதிரையை மேலும் விரட்டாமல் இருப்பது.

சரி, ஓய்வுக்கு வருவோம். என்னைக் கேட்டால், பயிற்சியில் மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது ஓய்வுதான். சாலையில் குழி விழுந்தால், பழைய தாரைத் தோண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தார் போடுவார்கள். எலும்பும் அப்படித்தான் பழுது பார்க்கும். தோண்டுவது சில வாரத்தில் முடியும், நிரப்பப் பல மாதம் ஆகும். ஓய்வில் இருக்கும்போது இந்தத் தோண்டல் அதிகமாக நடக்கும். ஆகவே இரண்டு மூன்று மாதம் ஓய்ந்து திரும்பும் குதிரை வெளிப்பார்வைக்குப் பளபளவென்று இருக்கும், உள்ளே எலும்பு பொத்தலாக இருக்கும். கலிஃபோர்னியாவில் கால்நடை மருத்துவ ஆய்வாளர் சூசன் ஸ்டோவர் குழுவினர் இறந்த குதிரைகளைப் பரிசோதித்தார்கள். ஓய்விலிருந்து திரும்பியவுடன் முன்னங்காலின் மேல் எலும்பு முறிந்தவை பலவற்றில், ஆறத் தொடங்கிய பழைய விரிசல் இருந்ததைக் கண்டார்கள். திடீர் விபத்து என்று நாம் சொல்வது பல நேரம் வாரக்கணக்கில் உள்ளே நடந்துகொண்டிருந்ததுதான்.

எனக்கும் அப்படி ஒன்று நடந்தது. நான்கு வயதுப் பெண்குதிரை, மூன்று மாத ஓய்வு முடிந்து வந்திருந்தது. உரிமையாளருக்கு ஒரு கோப்பைப் பந்தயத்தின்மேல் கண். பதினைந்து நாளில் மூன்று வேக ஓட்டம் என்று முடிவு செய்தார்கள். வேண்டாம் என்றேன், ஆனால் உரக்கச் சொல்லவில்லை. மூன்றாவது ஓட்டத்தில் தோளுக்கடியில் உடைந்தது. பிரேதப் பரிசோதனையில், முறிந்த விளிம்பில் பழைய எலும்புத் தடிப்பு என் விரலில் தட்டியது.

இதே காரணத்தால் பெரிய மாற்றம் வந்த இடம் கலிஃபோர்னியாவின் சாண்டா அனிட்டா மைதானம். 2018 டிசம்பர் 26 அன்று தொடங்கிய பருவத்தில், 2019 ஜூனுக்குள் அங்கே 30 குதிரைகள் இறந்தன. அதன்பின் வேகப் பயிற்சி ஓட்டத்துக்கே முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும் என்று விதி வந்தது. குதிரை நின்றபடியே காலைப் படமெடுக்கும் பெட் (PET) ஸ்கேனர் அந்த ஆண்டு இறுதியில் அங்கே வந்தது. அமெரிக்கா முழுவதையும் எடுத்தால், 2009-இல் ஆயிரம் ஓட்டத்துக்கு 2 குதிரைகள் இறந்தன. 2023-இல் அது 1.32.

நம் ஊரில் ஸ்கேனர் இல்லாத காலத்தில் எங்களுக்கு இருந்தது குதிரைக்காரர்களின் கை. வயதான ஒருவர், தினமும் விடிகாலையில் குதிரையை வெளியே எடுக்கும் முன், புறங்கையால் முன்னங்கால்கள் இரண்டையும் மேலிருந்து கீழாகத் தடவுவார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"டாக்டரய்யா, இடது கால்ல சூடு இருக்குதுங்க. வலது கால்ல இல்ல. இன்னிக்கு நடக்க மட்டும் விடுவோமா?"

பலகையில் அன்று அந்தக் குதிரைக்கு 1000 மீட்டர் வேக ஓட்டம் எழுதியிருந்தது. நானும் தடவிப் பார்த்தேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இல்லை. "சரிங்க அண்ணே, நீங்க சொல்றபடியே விடுவோம்" என்று சொல்லி, பயிற்சியாளரிடம் போய் இந்த முறை உரக்கவே பேசினேன். இரண்டு வாரம் நடை மட்டும். மறுபடி எக்ஸ்ரே எடுத்தபோது, கேனன் எலும்பில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. அடுத்த பருவத்தில் அந்தக் குதிரை ஆறு பந்தயம் ஓடியது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் காலையில் முதலில் கை வைத்தவர் அவர்தான்.