முத்துசாமிக்கு ஆள் கிடைக்கவில்லையா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, எதிரணி நண்பருக்கு நான் தீர்க்க வேண்டிய கணக்கோ அதிகம். ஆகவே நேரே வருகிறேன்.

இனத்தை வைத்துச் செய்யும் நகைச்சுவை யாரையும் நோகடிக்காது என்றார் நண்பர். 2019 ஜூலையில், பள்ளிகளெல்லாம் இன நல்லிணக்க நாளைக் கொண்டாடிய அதே மாதத்தில், இதே சிங்கப்பூரில் மின்னிலக்கக் கட்டணச் சேவைக்கான ஒரு விளம்பரம் பெரும் சர்ச்சையானதே, நினைவிருக்கிறதா? சீன நடிகர் ஒருவருக்கே நான்கு வேடங்கள். அவற்றுள் ஒன்று முக்காடிட்ட மலாய்ப் பெண். மற்றொன்று, தோலுக்குக் கருஞ்சாயம் ஏற்றி, பெயரட்டையில் 'கே. முத்துசாமி' என்று எழுதிய இந்தியர்.

ஐயா, முத்துசாமிக்கா இந்த ஊரில் பஞ்சம்? லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தை வாசலில் நின்று "முத்துசாமி!" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் நாலு பேராவது திரும்பிப் பார்த்திருப்பார்கள்; அவர்களில் ஒருவர் அப்போதே சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றிருப்பார், சாயச் செலவும் மிச்சமாகியிருக்கும்! நூற்றுக்கு ஒன்பது பேர் இந்தியர்களாக வாழும் நாட்டில், இந்தியரைத் தேடாமல் சாயத்தைத் தேடியிருக்கிறார்கள். சேவை எல்லாருக்கும் உரியது என்று காட்டவே அப்படிச் செய்தோம் என்றார்கள். எல்லாருக்கும் உரிய சேவைதான், முத்துசாமிக்கு மட்டும் வேலை இல்லை!

விளம்பரம் செய்தவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். ரசனைக் குறைவுதான், ஆனால் விதிமீறல் இல்லை என்றது ஊடக ஒழுங்குமுறை ஆணையம். அந்த விளம்பரத்தைச் சாடிப் பாட்டுக் கட்டிய சிங்கப்பூர் இந்தியக் கலைஞர்கள் இருவருக்கோ, 24 மாதத்துக்குள் மீண்டும் தவறினால் வழக்கு என்று காவல்துறையின் நிபந்தனை எச்சரிக்கை கிடைத்தது. பாட்டில் வசைச்சொல் இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால், சாயம் பூசியவர் மாலையில் முகம் கழுவிவிட்டுப் போய்விட்டார், முத்துசாமி எந்தக் குழாயடியில் போய்க் கழுவுவார்?

தம் பேச்சில் நண்பர் ஒரு குத்தல் விட்டார்: "தமிழ்ப் படத்தில் கறுப்பு நிறத்தைக் கிண்டல் செய்தபோது கைதட்டியவர்கள்தானே நீங்கள்? சீனர் செய்தால் மட்டும் ஏன் சுடுகிறது?" அரங்கம் அதிரக் கைதட்டியது, அந்தக் கைதட்டலை நண்பர் இன்னும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருக்கிறார். நண்பரே, நம் வீட்டுத் திருடனைக் காட்டிப் பக்கத்து வீட்டுத் திருடனுக்கு ஜாமீன் கேட்கிறீர்களே, இது எந்த ஊர் நியாயம்? அந்தப் படங்களும் தவறுதான். முகப்பூச்சு விற்பவனுக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் அந்தச் சிரிப்புதான் துணை நின்றது. நீங்கள் எங்களை மடக்கியதாக நினைத்தீர்கள். உண்மையில் எங்கள் அணிக்கு இரண்டாவது சாட்சியைக் கூட்டி வந்திருக்கிறீர்கள்!

தர்க்கம் கிடக்கட்டும், நடுவர் அவர்களே. எங்கள் குடியிருப்பில் ஒரு சிறுமி இருக்கிறாள். "விளக்கை அணைத்தால் உன் பல் மட்டும்தான் தெரியும்" என்று வகுப்புத் தோழர்கள் சொன்ன நாளிலிருந்து, பள்ளிப் புகைப்படம் எடுக்கும்போது அவள் உதட்டை இறுக மூடிக்கொள்கிறாள். சொன்ன பிள்ளைகள் கெட்டவர்கள் அல்லர். பெரியவர்கள் சிரித்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள், அவ்வளவுதான். வீட்டில் தாய் காரணம் கேட்டால், பல் வலிக்கிறது என்று பொய் சொல்கிறாளாம்.

அவள் இன்று தன் தாயோடு இந்த அரங்கின் மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறாள். நண்பர் மேடையை விட்டு இறங்கிப் போய், அந்த நகைச்சுவையை அவள் முகத்தைப் பார்த்து ஒருமுறை சொல்லிக் காட்டட்டும். பிறகு நடுவர் தீர்ப்பைச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.