வேலி மட்டும் போதாது

அவைத்தலைவர் அவர்களுக்கும், இந்த மாலை நேரத்தை ஒதுக்கி வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. இந்த அரங்குக்குள் வரும்போது வாசலை ஒட்டி ஒரு மரம் நின்றதே, அதில் இப்போது பூ இருக்கிறதா, காய் இருக்கிறதா? தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். இரண்டொரு கைகள் தெரிகின்றன. அதிலும் ஒன்று பாதி வரைதான் ஏறியிருக்கிறது.

மரத்தின் பெயரை நான் கேட்கவில்லை. பெயர் தெரியாமல் போவது பெரிய குற்றம் இல்லை. பார்த்தோமா என்பதுதான் கேள்வி. மனிதக் கண் அசைகிற விலங்கை உடனே பிடித்துக்கொள்கிறது, செடிகொடிகளைப் பச்சைத் திரையாக ஒதுக்கிவிடுகிறது என்று ஜேம்ஸ் வாண்டர்சீ, எலிசபெத் ஷஸ்லர் என்ற இரண்டு அமெரிக்கத் தாவரவியல் கல்வியாளர்கள் 1999இல் எழுதினார்கள். ஆகவே கை தூக்காதவர்கள் வருந்த வேண்டாம், துணைக்கு மனித இனமே இருக்கிறது.

இயற்கைக்கும் மனிதருக்கும் உள்ள உறவு என்ற இந்தத் தலைப்பில் பேச வந்தால், பழைய பாட்டில் புலவர் எத்தனை பூக்களை அடுக்கினார் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்துக் கைதட்டு வாங்குவது வழக்கம். நான் அதைச் செய்யப்போவதில்லை. அந்தப் புலவர் பார்த்தார், பாடினார். அவர் பார்த்ததற்கு நாம் கைதட்டிக்கொள்வதில் என்ன இருக்கிறது?

2002இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சிலர் பிரிட்டனின் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். சில படங்களில் அந்த நாட்டில் சாதாரணமாகக் காணக்கூடிய செடிகள், பூச்சிகள், விலங்குகள். மற்றவற்றில் போகிமான் விளையாட்டில் வரும் கற்பனைப் பிராணிகள். எட்டு வயதுப் பிள்ளைகள் போகிமான்களில் முக்கால் பங்குக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். உயிரோடு இருப்பவற்றில் பாதியளவுதான் தேறியது. இதைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளைத் திட்டுவதும் ஒரு மேடை வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நூற்றைம்பது கற்பனைப் பிராணிகளை, எது எதுவாக உருமாறும், எது தண்ணீரில் வாழும் என்பது வரை நினைவில் வைத்திருக்கிற மூளையில் என்ன குறை? பெயர் சொல்லிப் பழகும் ஆசை பிள்ளைகளிடம் அப்படியே இருக்கிறது. அதற்குத் தீனி போட்டது யார் என்பதில்தான் வேறுபாடு. ஒரு விளையாட்டு நிறுவனம் போட்டது. நாம் போடவில்லை.

பிள்ளைகளை விடுங்கள், பெரியவர்கள் நிலைமை என்ன? அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் தென்முனையில் கீ வெஸ்ட் என்ற துறைமுக ஊர் இருக்கிறது. பணம் கட்டிப் படகில் போய்த் தூண்டிலில் மீன் பிடிப்பவர்கள் கரைக்குத் திரும்பியதும், பிடித்ததில் பெரியவற்றைப் பலகையில் தொங்கவிட்டுப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். லோரன் மெக்லெனகன் என்ற ஆய்வாளர் 1956 முதல் 2007 வரையிலான அந்தப் படங்களைச் சேகரித்து மீன்களை அளந்தார். தொடக்கத்தில் ஒரு மீனின் சராசரி எடை 20 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முடிவில் 2.3 கிலோ. முதல் படங்களில் ஆளை விடப் பெரிய மீன் தொங்குகிறது, கடைசிப் படங்களில் கையில் தூக்கிக் காட்டக்கூடிய மீன். சிரிப்பில் மட்டும் ஒரு குறையும் இல்லை. 2007இல் நிற்பவருக்கும் அதே பெருமிதம். அவர் ஏமாற்றவில்லை. அவருக்குத் தெரிந்த கடல் அவ்வளவுதான்.

மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் இதைத்தான் சொன்னார். ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் கண்டதை இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது, அதிலிருந்துதான் இழப்பை அளக்கத் தொடங்குகிறது. அதனால் ஒவ்வொரு தலைமுறைக்கும் இழப்பு கொஞ்சமாகவே தெரிகிறது. மூன்று தலைமுறை இழப்பையும் கூட்டிப் பார்க்க ஆள் இருப்பதில்லை.

இயற்கையிடமிருந்து மனிதர் விலகிவிட்டார்கள் என்று பேசும்போது, அது மனநலம் சார்ந்த விஷயம், பூங்காவில் நடந்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம் வருகிறது. நடப்பது நல்லதுதான், பிறகு சொல்கிறேன். என் கவலை வேறு. பார்ப்பவர்கள் இல்லாத இடத்தில் ஓர் இனம் காணாமல் போனால், போனது என்ற செய்தியே நமக்கு வருவதில்லை. சுமார் 10 லட்சம் இனங்கள் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2019இல் ஐ.நா. சார்ந்த பல்லுயிர் அறிவியல் மன்றம் மதிப்பிட்டது. அந்த எண்ணைக் கேட்டுத் தூக்கம் கெட்டவர்கள் எத்தனை பேர்? பழகிய ஒரு பறவை ஒரு பருவம் வரவில்லை என்றால் கெடும்.

உடனே வருகிற பதில்: காப்பகம் அமையுங்கள், வேலி போடுங்கள், மனிதர்களை வெளியே நிறுத்துங்கள். இதில் ஒரு கதை இருக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி கேட்கிறேன், இன்று நான் சொல்ல வந்ததே இதுதான்.

இங்கிலாந்தில் பெரிய நீல வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு. பெருநீலன் என்று வைத்துக்கொள்வோம். அழகாக இருந்ததால் சேகரிப்பாளர்கள் வலையோடு துரத்தினார்கள். எண்ணிக்கை குறைந்தது. சேகரிப்பாளர்களே காரணம் என்று எல்லோரும் நம்பினார்கள். அது வாழ்ந்த புல்வெளியில் வேலி போட்டார்கள். வலைக்காரர்கள் உள்ளே வரவில்லை. ஆடுமாடுகளும் வரவில்லை. பூச்சி அங்கேயும் அழிந்தது.

1970களில் ஜெரமி தாமஸ் என்ற இளம் ஆய்வாளர், எஞ்சியிருந்த கடைசிக் கூட்டங்களுக்கு அருகே கோடைக் கோடையாகத் தரையோடு தரையாகக் கிடந்து பார்த்தார். பெருநீலன் தைம் என்ற செடியின் பூமொட்டில் முட்டையிடும். புழு சில வாரங்கள் அந்தப் பூவைத் தின்னும். பிறகு தரையில் விழுந்து, எறும்பு வரும் வரை காத்திருக்கும். ஒரு சிவப்பு எறும்பு வந்து, புழு சுரக்கும் இனிப்புத் துளியை நக்கிவிட்டு, தன் குஞ்சு என்று நம்பி அதைப் புற்றுக்குள் தூக்கிப்போகும். விருந்தாளி அங்கே பத்து மாதம் போல எறும்பின் குஞ்சுகளையே தின்று வளர்ந்து, சிறகோடு வெளியே வரும். அநியாயமான விருந்தாளிதான். தாமஸ் கண்டுபிடித்தது இதற்கும் மேலே ஒன்று: எல்லாச் சிவப்பு எறும்பும் உதவாது, குறிப்பிட்ட ஓர் இன எறும்பின் புற்றில்தான் புழு நன்றாகப் பிழைக்கிறது. அந்த எறும்புக்கு வெதுவெதுப்பான மண் வேண்டும். புல் விரலளவு உயர்ந்து நிழல் விழுந்தாலே மண் ஓரிரு பாகை குளிர்ந்துவிடும். அந்த எறும்பு போய் வேறு எறும்பு குடியேறும். புல்லைக் கட்டையாக வைத்திருந்தவை மேய்ந்த ஆடுமாடுகளும் முயல்களும். மேய்ச்சல் கைவிடப்பட்டது. 1950களில் ஒரு நச்சுயிரி நோய் முயல்களைக் கொன்றது. மிச்சம் இருந்ததை வேலி பார்த்துக்கொண்டது.

விடை கிடைத்தபோது காலம் கடந்திருந்தது. 1979இல் பிரிட்டனில் பெருநீலன் அற்றுப்போனது. பிறகு சுவீடனிலிருந்து கொண்டுவந்து, மேய்ச்சலை மறுபடி சரிசெய்த நிலங்களில் விட்டார்கள். இன்று தென்மேற்கு இங்கிலாந்தில் பறக்கிறது.

இதே பாடத்தை இன்னொரு நாடு கசப்பாகப் படித்தது. ராஜஸ்தானின் பரத்பூர் நீர்ப்பறவைக் காட்டில் 1982இல் எருமை மேய்ச்சலைத் தடைசெய்தார்கள். ஊர் மக்கள் எதிர்த்தார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் ஆண்டுக்கணக்கில் அங்கே ஆராய்ந்து சொன்னது: மேய்ச்சல் நின்றதால் நீர்ப்பரப்பில் புல் மண்டியது, பறவைகளுக்கு அது இடைஞ்சல், எருமைகள் அந்தப் புல்லை அடக்கி வைத்திருந்தன.

காப்பகமே வேண்டாம் என்கிறேனா? இல்லை. சுரங்கமும் ரம்பமும் வரும் இடத்தில் சட்டத்தின் வேலி இல்லாமல் முடியாது. 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைக் காக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டதை நான் வரவேற்கிறேன். ஆனால் வேலிக்குள் என்ன நடக்கிறது என்று தரையில் படுத்துப் பார்க்க ஆள் இல்லாவிட்டால், நாம் காப்பது வரைபடத்தின் ஒரு நிறத்தை மட்டுமே.

ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரில் ஒரு பூச்சியியல் சங்கம் இருக்கிறது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் பூச்சி ஆர்வலர்கள், சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள் அல்லர். கூடாரம் போன்ற வலைப்பொறிகளைக் காப்பகங்களில் வைத்து, விழுந்த பூச்சிகளை எடைபோட்டு எழுதி வைத்தார்கள். ஒரே மாதிரிப் பொறி, ஒரே மாதிரி முறை, ஆண்டுக்கணக்கில். கிண்டல் செய்தவர்கள் இருந்திருப்பார்கள், எந்த ஊரில்தான் இல்லை? 2017இல் அந்தக் கணக்கு வெளியானபோது உலகம் திடுக்கிட்டது. 63 காப்பகங்கள், 27 ஆண்டுகள், பறக்கும் பூச்சிகளின் மொத்த எடையில் 75 விழுக்காட்டுக்கும் மேல் சரிவு. இதெல்லாம் வேலிக்கு உள்ளே நடந்தது. இவர்கள் எழுதி வைக்காவிட்டால், முன்பெல்லாம் விளக்கைச் சுற்றி நிறையப் பூச்சி வருமே என்ற முணுமுணுப்போடு போயிருக்கும்.

ஒரு கேள்வி இங்கே எழ வேண்டும். எண்ணினால் என்ன ஆகும்? எண்ணிக்கொண்டே இருக்கும்போது எல்லாம் அழிந்துவிடாதா? நியாயமான கேள்வி. அதற்குக் கழுகுகள் பதில் சொல்லும். நான் முன்பு சொன்ன அதே பரத்பூரில் விபு பிரகாஷ் என்ற பறவையியலாளர் 1980களின் நடுவில் பாறுக் கழுகுகளை எண்ணி வைத்திருந்தார். 1990களின் இறுதியில் மறுபடி எண்ணியபோது 95 விழுக்காட்டுக்கும் மேல் காணவில்லை. பழைய எண் இருந்ததால்தான் புதிய எண் அபாய மணியாக ஒலித்தது. கால்நடைகளுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்தே காரணம் என்று பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் காட்டியது. செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தை அது கெடுத்தது. 2006இல் இந்தியா அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடைசெய்தது. கழுகுகள் இன்னும் மீண்டுவிடவில்லை. ஆனால் ஒரு மனிதரின் குறிப்பேட்டிலிருந்து நாட்டின் சட்டம் வரை ஒரு வழி இருக்கிறது என்பது உறுதியாயிற்று.

பார்ப்பது மனதை மாற்றுமா என்றால், மாற்றும். நாகாலாந்தில் டோயாங் நீர்த்தேக்கத்தை ஒட்டி, சைபீரியப் பக்கத்திலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் அமூர் வல்லூறுகள் இலட்சக்கணக்கில் தங்கும். புறா அளவுகூடத் தேறாத பறவை, அரபிக்கடலை ஒரே மூச்சில் கடக்கும். 2012இல் அவற்றை மீன்வலையில் பிடித்து ஆயிரக்கணக்கில் கொல்வது படத்தோடு வெளிவந்தது. மறு ஆண்டே வேட்டை நின்றது. ஊராரும் ஊர் மன்றங்களும் தேவாலயங்களும் கூடி எடுத்த முடிவு அது. அந்த ஆண்டு மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். ஒன்றின் பெயர் பங்டி. அது அந்த ஊரின் பெயர். தங்கள் ஊர் பறந்து ஆப்பிரிக்கா போவதை யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்?

சரி, நாம் என்ன செய்வது? டெர்பி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனிதரை இயற்கையோடு இணைக்கும் வழிகள் எவை என்று தேடி 2017இல் ஐந்தைச் சொன்னார்கள்: புலன்கள், அழகு, உணர்ச்சி, பொருள் காணுதல், பரிவு. தகவல் அறிவு அந்தப் பட்டியலில் இல்லை. என்னைப் போல் பெயரும் குடும்பமும் சொல்லி மகிழ்கிறவர்களுக்கு இது கொஞ்சம் உறைக்கும். உண்மையை ஏற்கத்தான் வேண்டும். பிள்ளையிடம் இனப்பெயரை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள், இலையைக் கசக்கி மோந்து பார்க்கச் சொல்லுங்கள். வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையில் கழித்தவர்கள் தங்கள் உடலும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொல்வது கூடுதல் என்று இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் கேட்டு 2019இல் வெளியிட்டார்கள். நான் முன்பு ஒத்திவைத்த நடைப்பயிற்சிக்கு இது போதும்.

மரம் நட வருவதாகச் சிலர் சொல்வீர்கள். நல்லது. ஆனால் எங்கே, என்ன மரம் என்று கேட்டுவிட்டு வாருங்கள். புல்வெளியில் வாழும் உயிர்களுக்குப் புல்வெளிதான் வீடு, அங்கே காடு வளர்ப்பதும் ஓர் அழிப்புதான். படம் எடுப்பதற்காகக் கூட்டின் மேல் விளக்கடிப்பது, பறவையின் குரலைக் கைபேசியில் போட்டு அதைக் குழப்புவது, இவற்றையும் அன்பு என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். இரவில் தேவையற்ற வெளிவிளக்கை அணைப்பதும், உதிர்ந்த இலையை எரிக்காமல் ஒரு மூலையில் விட்டுவைப்பதும் உங்கள் மரக்கன்றை விடக் கூடுதல் உயிர்களுக்கு உதவக்கூடும்.

ஒரே ஒரு வேலை மட்டும் கேட்கிறேன். பக்கத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மரமோ, ஒரு குட்டையோ, பால்கனிக்கு எதிரே உள்ள மின்கம்பியோ போதும். வாரம் ஒருமுறை கால்மணி நேரம் நின்று, வந்தவற்றை எண்ணி, தேதி போட்டு எழுதுங்கள். 1900ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் அன்று ஃபிராங்க் சாப்மேன் என்பவர் பறவைகளைச் சுடும் போட்டிக்கு மாற்றாக அவற்றை எண்ணலாம் என்று அழைத்தபோது வந்தவர்கள் 27 பேர்தான். அந்தக் கணக்கெடுப்பு இன்றுவரை நடக்கிறது. எழுதியதை ஐநேச்சுரலிஸ்ட், ஈபேர்ட் போன்ற பொதுத் தளங்களில் ஏற்றலாம், அல்லது நோட்டிலேயே வைத்திருக்கலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒன்றில் தடுக்கி விழுவார்கள். எதுவும் வராத நாளில் நோட்டை மூடிவிடுவார்கள். மூடாதீர்கள். தேதியைப் போட்டு, பக்கத்தில் பூஜ்யம் என்று எழுதுங்கள். வரவில்லை என்பதற்கும் யாரும் பார்க்கவில்லை என்பதற்கும் உள்ள வித்தியாசம் பின்னால் வருகிறவர்களுக்கு அந்தப் பூஜ்யத்தால்தான் தெரியும். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.